நாய்க்கு நம்ம அமினோ அமில சப்ளிமென்ட் கொடுக்கலாமா? டப்பாவைத் திறக்கும் முன் லேபிளைப் படிங்க!

ஜிம்முக்குப் போகிறவர்கள் இருக்கும் வீடுகளில் இப்போது அரிசி டப்பாவுக்குப் பக்கத்திலேயே புரோட்டீன் டப்பாவும் உட்கார்ந்திருக்கிறது. கூடவே பிசிஏஏ பவுடர், டாரின் மாத்திரை, தூக்கத்துக்கு ஒரு கேப்சூல், முடிக்கு ஒரு கம்மி. அதே வீட்டில் ஒரு நாயும் இருந்தால், என்றைக்காவது ஒருநாள் இந்த யோசனை வந்தே தீரும்: "லாப்ரடாருக்கு வயசாகிடுச்சு, தொடையெல்லாம் மெலிஞ்சு போச்சு. நம்ம பவுடர்ல அரை ஸ்கூப் போட்டா என்ன ஆகிடும்? அமினோ அமிலம்தானே, மருந்தா என்ன?"

கேள்வி நியாயமானதுதான். பதிலைச் சுருக்கமாக முதலிலேயே சொல்லிவிடலாம். அமினோ அமிலம் என்ற மூலக்கூறு மனிதருக்கும் நாய்க்கும் ஒன்றுதான். ஆனால், அது வரும் டப்பா மனிதருக்காகத் தயாரானது. அதில் சேர்க்கப்பட்டிருக்கும் மற்ற பொருள்கள், ஒரு ஸ்கூப்பின் அளவு, உங்கள் நாய்க்கு ஏற்கெனவே இருக்கும் நோய், இந்த மூன்றும்தான் அது உதவுமா, உயிருக்கு உலை வைக்குமா என்பதைத் தீர்மானிக்கின்றன. சில நோய்களில் கால்நடை மருத்துவர்களே மனிதர்களுக்கான அமினோ அமிலத்தைக் கொடுக்கிறார்கள். அதையும் கீழே பார்ப்போம்.

நாய்க்கு எத்தனை அமினோ அமிலங்கள் தேவை?

புரதம் என்பது ஒரு மாலை என்றால், அதில் கோத்திருக்கும் மணிகள்தான் அமினோ அமிலங்கள். சாப்பிட்ட புரதத்தை உடல் மணி மணியாகப் பிரித்து, தனக்கு வேண்டிய தசை, தோல், முடி, ஹார்மோன் என்று புது மாலைகளாகக் கோத்துக்கொள்கிறது. சில மணிகளை உடலே தயாரித்துவிடும். சிலவற்றை உணவிலிருந்துதான் பெற வேண்டும். இவற்றுக்கு 'அத்தியாவசிய அமினோ அமிலங்கள்' என்று பெயர்.

வளர்ந்த மனிதருக்கு இவை 9. நாய்க்கு 10. கூடுதலாக இருக்கும் அந்த ஒன்று ஆர்ஜினின். நம் உடல் இதை ஓரளவு தானே தயாரித்துக்கொள்ளும். நாயின் உடலால் தேவையான அளவுக்குத் தயாரிக்க முடியாது. புரதம் செரிக்கும்போது உருவாகும் அம்மோனியாவை யூரியாவாக மாற்றி வெளியேற்றும் வேலைக்கு ஆர்ஜினின் அவசியம். ஆர்ஜினின் அறவே இல்லாத உணவை ஆய்வில் கொடுத்தபோது நாய்கள் வாந்தி எடுத்தன, எச்சில் வடித்தன, நடுங்கின. ரத்தத்தில் அம்மோனியா ஏறியதே காரணம்.

டாரின் கதை வேறு. பூனையால் அதைத் தேவையான அளவுக்குத் தயாரித்துக்கொள்ள முடியாது, அதனால் பூனை உணவில் டாரின் கட்டாயம். நாய், மெத்தியோனின், சிஸ்டீன் என்ற வேறு இரண்டு அமினோ அமிலங்களிலிருந்து டாரினைத் தானே செய்துகொள்ளும். பொதுவாக நாய்க்கு அது தனியாகத் தேவையில்லை. விதிவிலக்குகள் உண்டு.

நல்ல இறைச்சி, முட்டை, மீன் அல்லது தரமான நாய் உணவு சாப்பிடும் ஆரோக்கியமான நாய்க்கு இந்தப் பத்தும் தட்டிலேயே கிடைத்துவிடும். மேற்கொண்டு பவுடர் போட்டால் என்ன ஆகும்? உடம்பில் அமினோ அமிலத்தைச் சேமித்து வைக்க அறை கிடையாது. மிச்சத்தைக் கல்லீரல் உடைக்கும், அதிலிருந்து வரும் யூரியாவைச் சிறுநீரகம் வெளியேற்றும். அதாவது, நீங்கள் வாங்கிய பவுடரில் பெரும்பகுதி மொட்டை மாடியில் சிறுநீராகப் போகும். இதோடு முடிந்தால் நஷ்டம் காசுக்கு மட்டும்தான். பல நேரங்களில் இதோடு முடிவதில்லை.

டப்பாவுக்குள் ஒளிந்திருப்பது என்ன?

*சைலிட்டால்:* இதுதான் முதல் எதிரி. சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கப்படும் இனிப்பு. நமக்கு இது இன்சுலினைப் பெரிதாகத் தூண்டுவதில்லை, அதனால்தான் 'சுகர் ஃப்ரீ' பொருள்களில் இடம்பிடித்தது. நாயின் உடலில் நேர்மாறு. கணையம் இதைச் சர்க்கரை என்றே நினைத்து இன்சுலினைக் கொட்டித் தீர்த்துவிடும். ரத்தச் சர்க்கரை சடசடவென இறங்கும். பெரும்பாலும் அரை மணி நேரத்திலேயே வாந்தி, சோர்வு, தள்ளாட்டம், வலிப்பு என்று போகும்.

நாயின் எடையில் ஒரு கிலோவுக்கு சுமார் 0.1 கிராம் உள்ளே போனாலே சர்க்கரை இறங்கும் அபாயம் தொடங்குகிறது. 10 கிலோ நாய்க்கு வெறும் 1 கிராம். சில சூயிங்கம்களில் ஒரு துண்டிலேயே கிட்டத்தட்ட அந்த அளவு இருக்கும். ஒரு கிலோவுக்கு 0.5 கிராமைத் தாண்டினால் கல்லீரலே செயலிழக்கலாம். அது ஓரிரு நாள் கழித்துத்தான் தெரியவரும்.

எல்லா டப்பாவிலும் சைலிட்டால் இருக்காது. பல புரோட்டீன் பவுடர்களில் சுக்ரலோஸ் அல்லது ஸ்டீவியாதான் இனிப்பு. அவை நாயின் இன்சுலினை இப்படி உசுப்புவதில்லை. மென்று தின்னும் மாத்திரைகள், கம்மிகள், சர்க்கரை சேர்க்காத பீனட் பட்டர், சில பவுடர்கள் ஆகியவற்றில்தான் அதிக கவனம் தேவை. லேபிளில் 'சைலிட்டால்' என்ற பெயர், 'பிர்ச் சுகர்' என்ற பெயர், அல்லது ஐ.என்.எஸ். 967 என்ற எண், இவற்றில் எது இருந்தாலும் அந்தப் பொருள் நாய் பக்கமே போகக் கூடாது.

*காஃபின்:* பிசிஏஏ என்று பெயர் போட்டிருந்தாலும் 'எனர்ஜி' சேர்த்த வகைகளிலும், ப்ரீ-வொர்க்அவுட் பவுடர்களிலும் காஃபின் இருக்கும். ப்ரீ-வொர்க்அவுட் ஒரு ஸ்கூப்பில் 150 முதல் 300 மில்லிகிராம் வரை இருப்பது சாதாரணம். நாய்க்குக் கிலோவுக்கு 20 மில்லிகிராமில் படபடப்பு, வாந்தி தொடங்கும். 40 முதல் 50-ல் இதயத்துடிப்பு தாறுமாறாகும். 60-ஐ நெருங்கினால் வலிப்பு. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 300 மில்லிகிராம் ஸ்கூப் ஒன்றை 5 கிலோ ஸ்பிட்ஸ் நக்கி முடித்தால், அது நேராக 60-ல் போய் நிற்கிறது.

*சாக்லேட் ஃப்ளேவர்:* உண்மையான கோகோ சேர்த்திருந்தால் அதில் தியோப்ரோமின் இருக்கும். நாயின் உடல் இதை மிக மெதுவாகத்தான் வெளியேற்றும். சாக்லேட் நாய்க்கு ஆகாது என்று சொல்வதற்கும் இதுதான் காரணம்.

*வே புரோட்டீன்:* பாலிலிருந்து வருவது. வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பால் சர்க்கரை செரிக்காது. விஷம் இல்லை, ஆனால் வயிற்றுப்போக்கு நிச்சயம் என்று சொல்லும் அளவுக்கு வாய்ப்பு அதிகம்.

"வேற எதுவும் சேர்க்காத, சுத்தமான அமினோ அமிலம்னா?"

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். தூக்கத்துக்கும் மனநிலைக்கும் என்று விற்கப்படும் 5-எச்.டி.பி. கேப்சூல் ஓர் அமினோ அமிலம்தான். டிரிப்டோபானிலிருந்து ஒரு படி தள்ளி இருப்பது. உள்ளே போனதும் செரோடோனினாக மாறும். தீபாவளிப் பட்டாசுக்குப் பயந்து கட்டிலுக்கு அடியில் பதுங்கும் நாயைப் பார்த்து, "நமக்கு மனசு அமைதியாகுது, இதுக்கும் கொடுப்போம்" என்று தோன்றுவது இயல்பு. நாய்க்கு அது செரோடோனின் வெள்ளமாகிவிடும்.

2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரை, 5-எச்.டி.பி. தின்ற 21 நாய்களின் விவரங்களைத் தொகுத்தது. கிலோவுக்கு சுமார் 24 மில்லிகிராமிலேயே அறிகுறிகள் தென்பட்டன. நடுக்கம், வலிப்பு, தள்ளாட்டம், கடும் காய்ச்சல், வாந்தி, தற்காலிகமாகப் பார்வை இழப்பு எனப் பட்டியல் நீள்கிறது. தின்ற 10 நிமிடத்திலிருந்து 4 மணி நேரத்துக்குள் இவை தொடங்கலாம். 100 மில்லிகிராம் கேப்சூல் ஒன்றே 4 கிலோ நாயை அந்த எல்லைக்குக் கொண்டுபோய் விடும். லேபிளில் 'கிரிஃபோனியா' விதைச் சாறு என்று இருந்தாலும் அது இதேதான்.

டிரிப்டோபான் வேறு, 5-எச்.டி.பி. வேறு. பதற்றம் அதிகமுள்ள நாய்களுக்கான சில சிறப்பு உணவுகளில் டிரிப்டோபான் அளவோடு சேர்க்கப்படுகிறது. பெயர் ஒத்திருப்பதால் இரண்டும் ஒன்று என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பதற்றத்துக்கு ஏற்கெனவே மாத்திரை சாப்பிடும் நாய் என்றால், மருத்துவரைக் கேட்காமல் இரண்டில் எதையும் கொடுக்கவே கூடாது.

மெத்தியோனின் இன்னொரு உதாரணம். சிறுநீரை அமிலத்தன்மையாக்கும் என்பதால் ஒரு வகைச் சிறுநீர்க் கல்லுக்கு இதை மருத்துவர்களே பயன்படுத்துவதுண்டு. ஆனால் சிஸ்டின் என்ற வேறு வகைக் கல் உருவாகும் நாய்க்கு இதே மெத்தியோனின் எதிரி. உடல் அதிலிருந்துதான் சிஸ்டினைத் தயாரிக்கிறது, அமிலச் சிறுநீரில் அந்தக் கல் இன்னும் சுலபமாக உருவாகும். 'நாய்க்குக் கல் இருக்கு' என்று மட்டும் தெரிந்துகொண்டு சப்ளிமென்ட் வாங்குவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இது ஒன்றே போதும். அளவு மீறினால் ரத்தமே அமிலமாகி, வாந்தியும் தள்ளாட்டமும் வரும்.

லைசினும் ஆர்ஜினினும் ஒன்றோடொன்று போட்டி போடுபவை. லைசினை மட்டும் அள்ளிக் கொடுத்தால், நாய்க்குட்டிகளில் ஆர்ஜினின் பற்றாக்குறையின் அறிகுறிகள் வருவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஒரு மணியை மட்டும் மூட்டையாகக் கொட்டினால் மாலை நீளமாகாது. மற்ற மணிகளின் கணக்குத்தான் குழம்பும்.

கல்லீரல் கோளாறு உள்ள நாய்கள் விஷயத்தில் இரட்டிப்பு கவனம் தேவை. அம்மோனியாவை மாற்றும் சக்தி குறைந்த கல்லீரல் என்றால், கூடுதல் அமினோ அமிலம் மூளையைப் பாதிக்கலாம். சாப்பிட்ட பிறகு நாய் மந்தமாவது, சுவரில் தலையை முட்டிக்கொண்டு நிற்பது, வட்டமடிப்பது ஆகியவை அதன் அடையாளங்கள்.

அப்போ டாக்டர்களே ஏன் கொடுக்கிறாங்க?

ஏனென்றால் அவர்கள் நோயைக் கண்டுபிடித்த பிறகு கொடுக்கிறார்கள்.

1987-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த பால் பியான் குழுவினர், பூனைகளின் இதயத் தசை பலவீனமாகி இதயம் பலூன்போல விரியும் நோய்க்கும் டாரின் குறைவுக்கும் தொடர்பு இருப்பதை 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். டாரின் கொடுத்ததும் பூனைகள் தேறின. அதன்பிறகு பூனை உணவுகளில் டாரின் அளவு உயர்த்தப்பட்டது. தொடர்ந்து, அமெரிக்கன் காக்கர் ஸ்பேனியல் இன நாய்கள் சிலவற்றுக்கும் இதே நோய் டாரின், கார்னிடின் கொடுத்ததில் மட்டுப்பட்டது தெரியவந்தது. கோல்டன் ரெட்ரீவர், நியூஃபவுண்ட்லேண்ட் இனங்களிலும் டாரின் குறைவு பதிவாகியிருக்கிறது.

2018 ஜூலையில் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. ஓர் எச்சரிக்கை விடுத்தது. பட்டாணி, பருப்பு, உருளைக்கிழங்கு ஆகியவற்றை முக்கியப் பொருளாகக் கொண்ட நாய் உணவுகளைச் சாப்பிட்ட, வழக்கமாக இந்த இதய நோய் வராத இன நாய்களுக்கும் அது வருவதாகப் புகார்கள் வந்திருப்பதாகச் சொன்னது. இவற்றில் பல, தானியமே இல்லாத 'கிரெய்ன் ஃப்ரீ' வகைகள். உடனே உலகம் முழுக்க நாய் வளர்ப்பவர்கள் டாரின் மாத்திரை தேடி ஓடினார்கள். ஆனால் பாதிக்கப்பட்ட நாய்கள் பலவற்றின் ரத்தத்தில் டாரின் சரியான அளவில்தான் இருந்தது. உணவுதான் நேரடிக் காரணம் என்பது இன்றுவரை நிறுவப்படவில்லை. 2022 டிசம்பரில், புதிய அறிவியல் தகவல் கிடைக்கும்வரை இதுபற்றி மேற்கொண்டு அறிவிப்பு வெளியிடப்போவதில்லை என்று எஃப்.டி.ஏ. கூறிவிட்டது.

இதில் நமக்கான பாடம் ஒன்று உண்டு. டாரின் நாய்க்குப் பெரும்பாலும் தீங்கில்லாதது. மருத்துவர்கள் சில நேரங்களில் மனிதர்களுக்கான சுத்தமான டாரினையே வாங்கிக்கொள்ளச் சொல்வதும் உண்டு. ஆபத்து மாத்திரையில் இல்லை, தாமதத்தில் இருக்கிறது. இருமல், நடந்தாலே இளைப்பு, தூங்கும்போது நிமிடத்துக்கு 30-க்கு மேல் மூச்சு என்று இருக்கும் நாய்க்கு உடனடியாகத் தேவை இதய ஸ்கேன், அதாவது எக்கோ. அதை விட்டுவிட்டு இரண்டு மாதம் டாரின் கொடுத்துப் பார்ப்போம் என்று காத்திருந்தால், அந்த இரண்டு மாதம் திரும்பக் கிடைக்காது.

மனிதர்களுக்கான அமினோ அமிலத்தை நேரடியாக நாய்க்கு ஏற்றும் சிகிச்சையும் இருக்கிறது. வயதான நாய்களுக்கு அரிதாக வரும் 'ஹெபட்டோகியூட்டேனியஸ்' நோயில், ரத்தத்தில் அமினோ அமிலங்கள் அதலபாதாளத்துக்கு இறங்கிவிடும். பாதத்தின் அடிப்பகுதி வெடித்து, தோல் பொருக்குப் பொருக்காகி, நடக்கவே வலிக்கும். மருத்துவமனைகளில் நோயாளிகளுக்கு ஏற்றும் அமினோ அமிலக் கரைசலையே இந்த நாய்களுக்கு நரம்பு வழியாக, பல மணி நேரம் மெதுவாக ஏற்றுவார்கள். வீட்டு உணவில் முட்டை மஞ்சள் கருவும் சேர்க்கச் சொல்வார்கள். வேகம் கூடினால் நரம்பு புண்ணாகும், கல்லீரல் மோசமாக இருந்தால் மூளை பாதிக்கப்படும் என்பதால் கண்காணிப்பில்தான் செய்வார்கள்.

நாய்க்குக் காய்ச்சல் என்று வீட்டில் பாராசிட்டமால் கொடுத்துவிடுபவர்கள் இருக்கிறார்கள். அந்த விஷத்துக்கு முறிமருந்தாக மருத்துவர்கள் கொடுக்கும் என்-அசிட்டைல் சிஸ்டீனும் ஓர் அமினோ அமிலத்தின் பிள்ளைதான்.

மெலியும் நாய்க்கு என்ன தேவை? ஒரு தயிர்சாதக் கணக்கு

நம்மூர் வீடுகளில் நாய் மெலிவதற்கும் முடி கொட்டுவதற்கும் காரணம் தேடினால், பல நேரம் விடை தட்டிலேயே இருக்கும். தினமும் தயிர்சாதம்.

10 கிலோ எடையுள்ள, வளர்ந்த நாய் ஒன்றுக்கு நாளைக்கு சுமார் 600 கலோரி தேவை என்று வைத்துக்கொள்வோம். அமெரிக்காவில் நாய் உணவுக்கு அளவுகோல் வகுக்கும் ஏ.ஏ.எஃப்.சி.ஓ. அமைப்பு 1,000 கலோரிக்குக் குறைந்தது 45 கிராம் புரதம் என்கிறது. அப்படியென்றால் 600 கலோரிக்கு 27 கிராம்.

இப்போது 400 கிராம் சாதம், 100 கிராம் தயிர். கலோரி கிட்டத்தட்ட சரியாக வந்துவிடும். புரதம்? சாதத்தில் சுமார் 11, தயிரில் 3 கிராம் சொச்சம். மொத்தம் 14. தேவையில் பாதிதான். வயிறு நிறைகிறது, தசை கரைகிறது.

சாதத்தை 300 கிராமாகக் குறைத்து, ஒரு வேகவைத்த முட்டையும் 50 கிராம் எலும்பில்லாத வேகவைத்த கோழிக்கறியும் சேர்த்தால் புரதம் 30 கிராமைத் தொடும். கலோரி பெரிதாகக் கூடாது. ஒரு ஸ்கூப் பவுடரும் தேவையில்லை. பத்து அமினோ அமிலங்களும் சேர்ந்தே வரும். பிசிஏஏ டப்பாவில் இருப்பதோ பத்தில் மூன்றே மூன்று: லியூசின், ஐசோலியூசின், வேலின்.

இது புரதக் கணக்கு மட்டும்தான். வீட்டுச் சாப்பாட்டில் கால்சியம், துத்தநாகம் போன்றவையும் குறையும் என்பதால், நிரந்தர மெனுவை மருத்துவரோடு பேசி முடிவு செய்யுங்கள். நன்றாகச் சாப்பிட்டும் மெலிகிறது என்றால் குடல் புழு, சிறுநீரகம், சர்க்கரை நோய், புற்றுநோய் என்று வேறு காரணங்கள் இருக்கலாம். ரத்தப் பரிசோதனைதான் முதல் செலவு.

ஏற்கெனவே தின்னுடுச்சா? உடனே செய்ய வேண்டியவை

- அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். சைலிட்டால், காஃபின், 5-எச்.டி.பி. மூன்றிலும் முதல் ஒரு மணி நேரம் முக்கியம்.
- டப்பாவைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். எவ்வளவு தின்றது, எத்தனை மணிக்கு, நாயின் எடை என்ன என்பதைச் சொல்லத் தயாராக இருங்கள்.
- உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்பே விஷமாகிவிடும். வாந்தி எடுக்க வைக்கலாமா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.
- சைலிட்டால் தின்ற நாய் சோர்ந்து தள்ளாடினால், மருத்துவரிடம் போனில் கேட்டுக்கொண்டு, போகும் வழியில் ஈறில் கொஞ்சம் தேன் தடவலாம். மயங்கிக் கிடக்கும் நாயின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் இறங்கிவிடும்.
- இரவு நேரத்தில் திறந்திருக்கும் கிளினிக் எது என்பதை இன்றைக்கே விசாரித்து, போனில் எண்ணைச் சேமித்து வையுங்கள்.

டாக்டரிடம் கேட்க வேண்டிய 4 கேள்விகள்

1. என் நாய்க்கு எந்த அமினோ அமிலம் குறைகிறது? அது எப்படித் தெரிந்தது?
2. அதை உணவிலேயே சரிசெய்ய முடியுமா?
3. இந்த பிராண்டின் முழு லேபிள் இதோ. இதில் உள்ள மற்ற பொருள்கள் சரிதானா? என் நாயின் எடைக்கு எவ்வளவு, எத்தனை நாள்?
4. பலன் கிடைக்கிறதா என்று எப்போது, எந்தப் பரிசோதனையில் பார்ப்போம்?

நான்காவது கேள்வியை மறந்துவிடாதீர்கள். எப்போது நிறுத்துவது என்று தெரியாமல் தொடங்கும் சப்ளிமென்ட், டப்பா காலியாகும்வரை ஓடிக்கொண்டே இருக்கும். அதுவரை, உங்கள் டப்பாக்கள் எல்லாம் மூடிபோட்ட அலமாரியில், நாயின் மூக்குக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். ஜிம் பையையும் தரையில் வைக்காதீர்கள். சூயிங்கம் பாக்கெட் பெரும்பாலும் அதன் பக்கவாட்டுப் பையில்தான் இருக்கும்.